தாழ்ந்த காரில் ஏறுவதும் இறங்குவதும்: மூட்டு தேய்ந்தவர்களுக்கும் அவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கும்

வாலிபத்தில் காரில் ஏறுவது எல்லோருக்கும் ஒரே மாதிரிதான். ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்து, தலையைக் குனிந்து, உடம்பை உள்ளே தள்ளிவிடுவது. அறுபத்தைந்து தாண்டியும் அதே பழக்கத்தில் ஏறப் போவதால்தான் முழங்கால் கதவருகிலேயே பிடித்துக்கொள்கிறது. அப்படி ஏறும்போது மொத்த எடையும் மடங்கிய ஒற்றைக் காலில் நிற்கிறது; அதே நேரத்தில் அந்த முழங்கால் திருகவும் வேண்டியிருக்கிறது. தேய்ந்த மூட்டு ஓரளவு மடங்கும், ஓரளவு எடையும் தாங்கும். எடையை வைத்துக்கொண்டு திருகச் சொன்னால்தான் வலி சுளீர் என்று ஏறும்.

அதனால் வரிசையை மாற்ற வேண்டும். ஏறும்போது முதலில் இடுப்பு, கடைசியில் கால். இறங்கும்போது முதலில் கால், கடைசியில் இடுப்பு. மற்றதெல்லாம் கை எங்கே, பாதம் எங்கே, கார் எங்கே நிற்கிறது என்பதுதான். மூன்றாவதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் அதுதான் பாதி வேலை. இங்கே காலை வெளியே வைத்தால் மணல், இல்லையென்றால் கொதிக்கும் தார், அதுவும் இல்லையென்றால் கருவேல முள்.

முதலில் அளந்து பாருங்கள்

ஒரு டேப் போதும். வழக்கமாகப் போடும் செருப்போடு பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்து, தரையிலிருந்து முழங்காலின் பின்பக்கக் குழி வரை அளக்கவும். பெரும்பாலும் 38 முதல் 46 செ.மீ.க்குள் வரும். பிறகு கார்க் கதவைத் திறந்து, தரையிலிருந்து சீட்டின் வெளிவிளிம்பு வரை அளக்கவும். ஆள் உட்கார்ந்தால் பஞ்சு இன்னும் அமுங்கும் என்பதால், யாரையாவது சீட்டில் உட்காரவைத்து அளப்பதுதான் சரியான கணக்கு.

சீட்டு முழங்கால் குழிக்குச் சமமாகவோ ஒரு 10 செ.மீ. வரை உயரமாகவோ இருந்தால் சிரமம் இல்லை. அதற்குக் கீழே போகப் போக எழுந்திருக்கத் தொடைத்தசை தர வேண்டிய பலம் கூடிக்கொண்டே போகும். ரொம்ப உயரமும் ஆகாது. பாதம் தரையில் படாமல் தொங்குகிற வண்டியிலிருந்து சறுக்கித்தான் இறங்க வேண்டிவரும். பழைய அம்பாசடரைப் பெரியவர்கள் இன்னும் பேசுவதற்கு இதுதான் காரணம். அதன் சீட்டு கிட்டத்தட்ட வீட்டு நாற்காலி உயரம். வேகன் ஆர் மாதிரி நெட்டையான சின்ன வண்டிகளிலும் இந்த வசதி உண்டு. தாழ்ந்த செடான், பழைய சின்ன ஹேட்ச்பேக், இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் எல்லாம் முழங்காலுக்குக் கீழே உட்காரவைக்கிற ரகம்.

இன்னொரு அளவும் முக்கியம். சீட்டின் ஓரத்திலிருந்து காரின் வெளிப்புற ஓரம் வரை, கதவுக்குக் கீழே ஓடும் அந்த இரும்புப் படி எவ்வளவு அகலம்? ஒரு சாணுக்கு மேல் இருந்தால் இறங்குவது கடினம். நாற்காலியிலிருந்து எழும்போது நாம் பாதத்தை முழங்காலுக்குப் பின்னால் இழுத்துக்கொள்கிறோம். யாரும் சொல்லித் தருவதில்லை, உடம்பு தானாகச் செய்கிறது. காரில் அந்தப் படி குறுக்கே நின்று பாதத்தைப் பின்னால் வரவிடாது. பாதம் முன்னால், எடை பின்னால். அப்படியிருந்து எழ முயன்றால் இரண்டு விரற்கடை எழும்பி மறுபடி சீட்டிலேயே விழுவார்கள். "காலில் பலம் போயிருச்சு" என்று அவர்களே சொல்வார்கள். பலம் இருக்கும், பாதம்தான் இடத்தில் இருக்காது.

கார் எங்கே நிற்கிறது

முன் இடது சீட்டுதான் பெரியவர்களுக்கு ஏற்றது. கதவு அகலமாகத் திறக்கும், சீட்டைப் பின்னால் தள்ளலாம், இறங்குவது சாலையின் ஓரத்துப் பக்கம். சின்ன வண்டியின் பின் சீட்டில் சக்கரத்தின் வளைவு கதவு வழியில் பாதியைத் தின்றுவிடும்; மரியாதைக்காகப் பின்னால் உட்காரவைப்பது அவர்களுக்குத் தண்டனை.

நடைபாதைக் கல்லை ஒட்டி நிறுத்தாதீர்கள். கல்மேல் நின்று ஏறினால், நிற்கிற இடம் உயர்ந்து சீட்டு அந்த அளவுக்கு இன்னும் தாழ்ந்துபோகும். சக்கரம் நிற்கும் மட்டத்திலேயே பாதமும் நிற்கும்படி ஒரு மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். நேர்மாறாக, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் ஐந்தாறு செ.மீ. இறக்கம் இருக்கும். நான்கு சக்கரமும் தாரில், ஆள் மட்டும் கீழே கெட்டி மண்ணில் என்று நிறுத்தினால் சீட்டு அந்த ஐந்தாறு செ.மீ. உயர்ந்த மாதிரி. ஆனால் இடது சக்கரங்களை மட்டும் மண்ணில் இறக்கி வண்டியைச் சாய்த்து நிறுத்தக் கூடாது. அப்போது இறங்குவது எளிதாகத் தெரியும்; கதவு தன் எடையிலேயே முழுக்கத் திறந்து மண்ணில் குத்தும், மறுபடி ஏறும்போது மேட்டில் பின்பக்கமாக ஏறுவது போலிருக்கும். வண்டி வலப்பக்கம் சாய்ந்து நின்றால் இன்னும் மோசம், இறங்குகிறவர் மேட்டுக்கு எழ வேண்டும்.

மணல். சேதுக்கரை, அரியமான், தனுஷ்கோடி எங்கு போனாலும் சாலையை விட்டு இறங்கியதும் இளகிய மணல்தான். எழும்போது நாம் கொடுக்கும் பலம் எல்லாம் முன்பாதம் வழியாகத் தரையை அழுத்துகிறது. மணல் அந்த அழுத்தத்தில் விலகும், பாதம் புதையும், கணுக்கால் ஒரு பக்கம் சாயும், எடை பின்னால் விழும். வாக்கிங் ஸ்டிக்கும் ஒரு சாண் உள்ளே போய்விடும். இதற்கு 12 மி.மீ. பிளைவுட்டில் 60 செ.மீ.க்கு 45 செ.மீ. துண்டு ஒன்றை அறுத்து டிக்கியில் போட்டுவைத்தால் தீர்ந்தது. மரக்கடையில் கழிவுத் துண்டாகவே கிடைக்கும். ஓரங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேல் பக்கம் பழைய ரப்பர் பாயை ஆணியில்லாமல் பசையால் ஒட்டிக்கொள்ளுங்கள். கதவு திறந்ததும் பலகையைப் படியை ஒட்டி மணலில் அமுக்கி வைத்து, நீங்கள் ஒருமுறை ஏறி நின்று ஆடுகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு பெரியவரைக் கால் வைக்கச் சொல்லவும். காரின் ரப்பர் மிதியடியை விரிப்பவர்கள் உண்டு. அதன் ஓரம் சுருண்டு கால் தடுக்கும், அடியில் மணல் இறங்கி நடுவில் குழியும். அவசரத்துக்குக் கோணிச் சாக்கை நான்காக மடித்துப் போடுவது அதைவிடத் தேவலை.

நிழலுக்காகச் சீமைக் கருவேலத்துக்கு அடியில் நிறுத்துவது இந்த ஊர்ப் பழக்கம். தேய்ந்த ரப்பர் செருப்பில் அந்த முள் நேராக ஏறும். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்கு ஏறியதே தெரியாது. இரண்டு நாள் கழித்துச் சீழ் வைத்த பிறகுதான் தெரியும். புளிய மரம், வேப்ப மரம் கிடைக்கவில்லையென்றால் வெயிலில் நிறுத்துவதே மேல்.

வெயிலில் நின்ற காருக்கு வேறு ஆபத்து. உட்காரும்போது பிடிக்கிற கதவுத் தூண், கூரை விளிம்பு, பெல்ட்டின் பூட்டு எல்லாம் கை வைக்க முடியாமல் சுடும். சுட்டதும் கை தானாக விலகும், பாதி உட்கார்ந்த நிலையில் பிடி போகும், அப்படித்தான் விழுகிறார்கள். எல்லாக் கதவையும் இரண்டு மூன்று நிமிடம் திறந்துபோட்டு, பிடிக்க வேண்டிய இடங்களை ஈரத்துண்டால் துடைத்துவிட்டுப் பிறகு கூப்பிடுங்கள். கோயிலிலிருந்து வெறுங்காலோடு வருகிறவர்களுக்குச் செருப்பைக் கார் வரை எடுத்துப்போய்க் கொடுப்பதற்குப் பதில் கோயில் வாசலிலேயே கொடுங்கள்.

காற்றை மறந்துவிடக் கூடாது. கதவுக் கீல் முன்பக்கம் இருப்பதால், பின்னாலிருந்து அடிக்கும் காற்று கதவைக் கையிலிருந்து பிடுங்கித் திறந்துவிடும். பக்கவாட்டில் கதவின்மேல் அடிக்கும் காற்று, வெளியே தொங்கும் கால்மேல் கதவைச் சாத்தும். காற்று அடிக்காத பக்கத்துக் கதவில் இறக்குவதே சரி. தனுஷ்கோடிச் சாலையில் இதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை நோக்கிப் போகும்போது சாலை தென்கிழக்காகப் போகிறது. இடப்பக்கம் வங்கக் கடல், வலப்பக்கம் மன்னார் வளைகுடா. ஆடி மாதத்துத் தென்மேற்குக் காற்று வலமிருந்து அடிக்கும், ஆகவே வண்டியைத் திருப்புவதற்கு முன்பே இடது கதவில் இறக்கிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை வாடையில் காற்று இடமிருந்து வரும். முனையில் வளைந்து ஊர்ப்பக்கம் மூக்கைத் திருப்பி நிறுத்திய பிறகு இறக்குங்கள்.

பாம்பன் சாலைப் பாலத்தில், ரயில் பாலத்தைக் காட்டுகிறேன் என்று பெரியவர்களை இறக்காதீர்கள். 1988-இல் திறந்த அந்தப் பாலம் இரண்டே கால் கிலோமீட்டருக்கு மேல் நீளம், இரண்டு பக்கமும் கடல், காற்றுக்குத் தடுப்பே கிடையாது. ஓரத்தில் நிறுத்தினாலும் பேருந்து உரசிக்கொண்டுதான் போகும். கண்ணாடியை இறக்கி உட்கார்ந்தபடியே பார்க்கட்டும்.

ஏறுவது

ஆள் வருவதற்கு முன்பே சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, சாய்மானத்தை இரண்டு மூன்று கிளிக் சாய்த்து, உயரம் மாற்றும் நெம்புகோல் இருந்தால் முழுக்க ஏற்றிவிடவும். பிறகு:

1. காருக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். கெண்டைக்கால் கதவுப் படியில் தொடும் வரை சின்னச் சின்ன எட்டாகப் பின்னால் வரவும். தொட்டது தெரியாமல் உட்காரக் கூடாது.

2. முன் இடது சீட்டுக்கு, வலக்கை டேஷ்போர்டு ஓரத்தில் அல்லது முன் கண்ணாடித் தூணில். இடக்கை சீட்டின் சாய்மானத்தில். திறந்த கதவைப் பிடிக்கக் கூடாது, அது ஆடும். வேறு ஒருவர் இடுப்பால் கதவை முட்டுக்கொடுத்து நின்றால் மட்டும் பிடிக்கலாம்.

3. வலி உள்ள காலைச் சற்று முன்னால் நீட்டிவிட்டு, இடுப்பை மடக்கிப் பின்னால் இறக்க வேண்டும். தாடை மார்பில் படும்படி தலையைக் குனியவும். கூரை விளிம்பில் இடிப்பது எப்போதும் தலையின் பின்பக்கம்தான். குனிந்தவர்கள் சீக்கிரமே நிமிர்ந்துவிடுவதால் வருவது. உதவுகிறவர் ஒரு கையைக் கூரை விளிம்பின் கீழே விரித்து வைத்தால் இடித்தாலும் கையில்தான் படும்.

4. உட்கார்ந்தபின் அவசரப்படாமல், கையால் ஊன்றிப் பின்னுக்கு நகர்ந்து, கியர் பக்கமாக நன்றாக உள்ளே போகவும். பலர் விளிம்பிலேயே உட்கார்ந்துகொண்டு காலைத் தூக்கப் பார்ப்பார்கள். அப்போதுதான் முழங்கால் டேஷ்போர்டில் முட்டுகிறது.

5. வலது கால் முதலில், இடது கால் பிறகு. தோளும் இடுப்பும் காலோடு சேர்ந்தே திரும்ப வேண்டும். கால் தூக்க வரவில்லையென்றால் தொடைக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கலாம், அல்லது ஒரு துண்டைப் பாதத்தில் கொக்கிபோல் மாட்டி இழுத்துக்கொள்ளலாம்.

ரெக்ஸின் சீட்டில் வியர்த்த பருத்தித் துணி ஒட்டிக்கொண்டு திரும்பவிடாது. ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்து அதன்மேல் உட்கார்ந்தால் வழுக்கித் திரும்பும். திரும்பி முடித்ததும் பையை உருவி எடுத்துவிடுங்கள். அதை வைத்தபடி வண்டியை ஓட்டினால், திடீர் பிரேக்கில் ஆள் பெல்ட்டுக்கு அடியில் சறுக்கிப்போவார், பெல்ட் வயிற்றில் அழுத்தும். திரும்புவதற்கென்று விற்கிற வட்டச் சுழல் திண்டுக்கும் இதே எச்சரிக்கைதான்.

இறங்குவது

ஏறும்போது பூமி இழுப்பது உதவுகிறது, இறங்கும்போது அதே இழுப்பு எதிராக நிற்கிறது. இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கதவைத் திறப்பதற்கு முன்னால் உள்ளேயே செய்ய வேண்டியவை: எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் விடுங்கள். பெல்ட்டைக் கழற்றிச் சீட்டை மறுபடி பின்னால் தள்ளவும். பயணம் ஒரு மணி நேரத்தைத் தாண்டியிருந்தால் பாதத்தை மேலும் கீழுமாகப் பதினைந்து முறை ஆட்டச் சொல்லுங்கள். கெண்டைக்காலில் தங்கிய ரத்தம் மேலேறும். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கி.மீ. ஒரே மூச்சில் ஓட்டிக்கொண்டு போய் அங்கே அவரை எழச் சொன்னால் முழங்கால் கட்டையாக இருக்கும். நடுவில் ராமநாதபுரத்திலோ பரமக்குடியிலோ ஒரு முறையாவது இறங்கி நடக்கட்டும்.

பிறகு இடது கால் வெளியே, அடுத்து வலது கால். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படியும் வரை எழும் பேச்சே கூடாது. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்ற நிலையில் எழுவதுதான் இடுப்பு மூட்டுக்கு மிகவும் கெட்டது.

இப்போது விளிம்புக்கு நகர வேண்டும். இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். இடப்பக்கப் பிட்டத்தைச் சற்றுத் தூக்கி முன்னால், பிறகு வலப்பக்கம், மறுபடி இடம் என்று மாறி மாறி நகர்ந்து, தொடையின் பாதிக்கு மேல் சீட்டுக்கு வெளியே வரும் வரை வரவும். பாதத்தைப் பின்னால் இழுக்க விடாமல் படி தடுக்கிறது அல்லவா, அதனால் பாதத்தைப் பின்னால் கொண்டுபோக முடியாவிட்டால் இடுப்பை முன்னால் கொண்டுவருவது ஒன்றுதான் வழி. முழங்காலுக்கு நேர்கீழே குதிகால் வந்துவிட்டதா என்று எட்டிப் பாருங்கள். வந்துவிட்டால் பாதி எழுந்த மாதிரி.

அப்படியே ஒரு நிமிடம் வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருக்கட்டும். ரத்த அழுத்த மாத்திரை, நீர் போக்கும் மாத்திரை, பிராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். கண் இருட்டுகிறது என்றால் எழாமல் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடி பாதம் ஆட்டவும்.

எழும்போது: பாதங்களுக்கு இடையே தோள் அகலம். இடக்கை சீட்டின் விளிம்பை அழுத்தட்டும், வலக்கை முன் தூணிலோ டேஷ்போர்டிலோ. மூக்கு, கால் கட்டைவிரலைத் தாண்டி முன்னால் வரும்வரை இடுப்பிலிருந்து குனியவும். கீழே விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் பெரியவர்கள் நெஞ்சை நிமிர்த்திப் பின்னால் சாய்ந்துகொண்டு எழப் பார்ப்பார்கள். அப்படி யாராலும் எழ முடியாது, இருபது வயதுக்காரராலும். கிணற்றடியில் குடத்தைத் தூக்கக் குனிகிற அளவுக்குக் குனிந்தால் பிட்டம் தானாக எழும்பும். மூச்சை வெளியே விட்டபடி, கையால் தள்ளி, காலால் அழுத்தி எழவும். முதல் முயற்சியில் வரவில்லையென்றால் முன்னும் பின்னும் இரண்டு முறை ஆடி மூன்றாவதில் எழலாம்.

நின்றதும் நகரக் கூடாது. தலையைக் கூரைக்கு வெளியே கொண்டுவந்து, நிமிர்ந்து, மூன்று மூச்சு. அதற்குப் பிறகு ஸ்டிக்கை வாங்கிக்கொண்டு, பாதத்தைச் சின்னச் சின்னதாக எடுத்து வைத்துத் திரும்பவும். பாதம் நட்டபடியே உடம்பை மட்டும் திருப்பினால், முதலில் சொன்ன அந்தத் திருகல் மறுபடி முழங்காலுக்கு வந்துவிடும்.

ஓட்டுகிறவர் வயதானவர் என்றால் எல்லாம் வலப்பக்கம் மாறும்: வலது கால் முதலில் வெளியே, இடக்கை முன் தூணில், வலக்கை சீட்டில். அது சாலைப் பக்கம் என்பதால் கதவை இடக்கையால் திறக்கப் பழகுங்கள். தோள் திரும்பும், பின்னால் வரும் பைக் கண்ணில் படும்.

வேட்டி, சேலை, ஈரத்துணி

சேலைக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறுகிற பெண்களுக்குப் பிடிக்க ஒரு கைதான் மிச்சம். ஏறும் முன்பே கொசுவத்தை இடுப்பில் செருகிவிட்டால் இரண்டு கையும் கிடைக்கும். மடித்துக் கட்டிய வேட்டியும் கைலியும் சீட்டு நெம்புகோலில் மாட்டும், மடிப்பை இறக்கிவிட்டு ஏறவும். கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் பர்தா அணிந்த உம்மாமார்களுக்குப் பின் ஓரம் படிக்கும் பிட்டத்துக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். எழும்போது அதுவே பின்னால் இழுக்கும், காரணம் புரியாமல் மறுபடி உட்கார்ந்துவிடுவார்கள். விளிம்புக்கு நகர்ந்ததும் பின்பக்கத் துணியை ஒருமுறை இழுத்துவிடுங்கள். கதவைச் சாத்தும் முன் கீழே ஒரு பார்வை, வெளியே துணி தொங்குகிறதா என்று.

அக்னி தீர்த்தத்தில் குளித்து, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி வந்தவர்களை ஈரத்தோடு தாழ்ந்த காரில் ஏற்றாதீர்கள். ஈரத்துணி சீட்டில் பசைபோல் ஒட்டும். உப்பும் மணலும் ஒட்டிய பாதம் கதவுப் படியில் வழுக்கும். நெடுநேரம் நின்று நனைந்ததில் உடம்பே தளர்ந்திருக்கும். துணி மாற்றி, பாதத்தைத் துடைத்து, இனிப்பாக ஏதாவது குடித்துவிட்டு ஏறட்டும்; சர்க்கரை உள்ளவர்களுக்கு உப்புப் போட்ட மோர். தங்கும் விடுதி பக்கம்தான் என்றால் அந்தத் தூரத்துக்கு ஆட்டோவே போதும். அதில் உட்காரும் உயரமும் பிடிக்கக் கம்பியும் இருக்கின்றன.

உதவுகிறவருக்கு

கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். வயதானவர்களின் தோள் மூட்டு அந்த இழுப்பில் எளிதில் கிழியும், விலகும். உங்கள் முதுகும் பிடித்துக்கொள்ளும். எதிரே நின்று, ஒரு காலை முன்னால் ஒரு காலைப் பின்னால் வைத்து, முழங்காலை மடக்கி, அவருடைய முன்கையை உங்கள் முன்கைமேல் ஏந்திக்கொள்ளுங்கள். மற்றொரு கை இடுப்புக்குப் பின்னால். நீங்கள் மேலே தூக்க வேண்டியதில்லை. அவர் முன்னால் குனிய இடம் விட்டுப் பின்னால் ஓர் எட்டு நகர்ந்தால் போதும். பலர் மிக நெருக்கமாக நின்று, அவர் குனிய வேண்டிய இடத்தையே அடைத்துக்கொள்கிறார்கள்.

ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். "அப்பத்தா, காலைப் பெறகு பாத்துக்கலாம், மொதல்ல உக்காருங்க." "இப்ப ஓரத்துக்கு வாங்க." "குனிங்க, இன்னும் கொஞ்சம்." நாலு பேர் சுற்றி நின்று நாலு விதமாகச் சொன்னால் எந்தக் காலை எடுப்பது என்று தெரியாமல் திணறுவார்கள். ஒருவர் பேசட்டும், மற்றொருவர் கதவைப் பிடிக்கட்டும், மீதிப் பேர் தள்ளி நிற்கட்டும்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால்

ஊருக்கு வரும் பேரன் தாழ்ந்த இரண்டு கதவு வண்டியில் வந்து நிற்பதும், தாத்தா ஆசையாக ஏறிவிட்டு இறங்க முடியாமல் உட்கார்ந்திருப்பதும் நடக்கிறதுதான். இளமையில் வாங்கிய வண்டியை அறுபதிலும் விட மனமில்லாமல் ஓட்டுகிறவர்களும் உண்டு. இருவருக்கும் முறை அதேதான், மூன்று சிக்கல் கூடுதல்.

ஒன்று, கதவு நீளம். நாலு கதவு வண்டியின் கதவைவிட இது நீளம் என்பதால் முழுக்கத் திறக்கப் பக்கத்தில் ஒரு மீட்டருக்கு மேல் இடம் வேண்டும். விடுதிகளின் நெருக்கமான பார்க்கிங்கில் அது கிடைக்காது; உள்ளே விடும் முன்பே இறக்கிவிடவும். பாதி திறந்த கதவில் நுழைந்து வெளியே வருவது தாழ்ந்த வண்டியில் செய்யக்கூடிய வேலையல்ல.

இரண்டு, பக்கெட் சீட்டின் ஓரத்துப் புடைப்பு. அதன்மேல் வழுக்கிக்கொண்டு போனால் தொடை எலும்பின் மேல்முனையில் குத்தும். காலப்போக்கில் புடைப்பின் பஞ்சும் அமுங்கித் தோலும் வெடிக்கும்; பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் ஓட்டுநர் சீட்டின் வெளிப்பக்கம் மட்டும் கிழிந்திருப்பது இதனால்தான். கையால் ஊன்றி உடம்பைத் தூக்கிப் புடைப்பைத் தாண்ட வேண்டும். தாண்டியபின் அகலமான கதவுப் படியின்மேலேயே உட்காரலாம். சீட்டைவிட அது ஒன்றும் உயரமில்லை, ஆனால் குதிகால் முழங்காலுக்கு நேர்கீழே வந்துவிடும்.

மூன்று, ஸ்டியரிங். மேலே தூக்கும் வசதி இருந்தால் முழுக்கத் தூக்கி, உள்ளே தள்ளிவிடவும். சாவியை எடுத்தபின் ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பினால் பூட்டு விழும் வண்டிகளில், பூட்டு விழுந்த பிறகு அதைப் பிடித்துக்கொண்டால் சுற்றாது. சமநிலைக்கு மட்டும் பிடிக்கவும், தொங்கக் கூடாது. கூரை திறக்கும் வண்டியில் கூரையைத் திறந்துவிட்டு ஏறினால் தலைச் சிக்கலே இல்லை. கண்ணாடியின் மேல்சட்டம் நல்ல பிடி. கூரையைப் பிறகு மூடிக்கொள்ளலாம்.

தரையில் உள்ளங்கையை ஊன்றி, மண்டியிட்டு வெளியே உருண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். கையில் பலமும் மணிக்கட்டில் எலும்புறுதியும் உள்ளவர்களுக்கு அது சரி. எலும்பு மெலிந்தவர்களுக்கு மணிக்கட்டு முறியும் வழி அது.

திண்டும் கைப்பிடியும்

சீட்டை உயர்த்தத் திண்டு போடுவதென்றால் இலவம் பஞ்சு வேண்டாம். உட்கார்ந்ததும் அமுங்கிப் பாதியாகிவிடும். மெத்தைக் கடையில் கெட்டியான ரீபாண்டட் ஃபோமில் 7 முதல் 10 செ.மீ. கனத்துக்கு, சீட்டின் அகலத்துக்கு வெட்டி வாங்கி, வழுக்காத துணியில் உறை தைக்கவும். போட்டபின் மூன்றைச் சரிபாருங்கள்: தலைக்கும் கூரைக்கும் நடுவில் நான்கு விரல் இடம், பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் படிவது, திண்டு முன்னால் நழுவாதது. ஓட்டுநர் சீட்டில் கட்டாத திண்டு வேண்டாம், பெடலின் தூரம் மாறிவிடும்.

கதவுப் பூட்டு மாட்டும் இரும்பு வளையத்தில் செருகும் கைப்பிடி ஒன்று ஆன்லைனில் கிடைக்கிறது. வளையம் ‘ப’ வடிவில் இருந்தால்தான் பொருந்தும். முன் இடது சீட்டில் வெளியே திரும்பி உட்கார்ந்தவருக்கு அது இடக்கைக்கு நேராக வரும். உபயோகித்ததும் எடுத்துவிட வேண்டும். மறந்து கதவைச் சாத்தினால் கதவு நசுங்கும். கடற்காற்றில் இரண்டு மழைக்காலத்துக்குள் அதன் முனை துருப்பிடிக்கும் என்பதால் அவ்வப்போது எண்ணெய் தடவிய துணியால் துடைத்து வைக்கவும்.

வீட்டில் ஒரு பயிற்சி போதும். 45 செ.மீ. நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு எழுந்து உட்காருவது, காலை பத்து முறை, மாலை பத்து முறை. கையூன்றாமல் எழவே வரவில்லையென்றால் மேலே ஒரு திண்டு போட்டு உயரத்தைக் கூட்டித் தொடங்கி, வாரக்கணக்கில் குறைத்துக்கொண்டு வரவும். திண்ணையும் நல்ல இடம். கயிற்றுக் கட்டில் வேண்டாம், தொய்யும்.

இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்தவர்கள், இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்ன காலம் முடியும்வரை (பெரும்பாலும் 6 முதல் 12 வாரம்) தாழ்ந்த காரில் ஏறவே கூடாது. எத்தனை திண்டு போட்டாலும் சரி, உயரமான வண்டி பார்த்துக்கொள்ளுங்கள்.

எழும்போது கால் மடங்கிச் சரிகிறவரை நிறுத்திப் பிடிக்கப் போராடாதீர்கள், இருவரும் விழுவீர்கள். இடுப்பை அணைத்து, உங்கள் தொடையில் சாய்த்து, சீட்டிலோ கதவுப் படியிலோ மெல்ல உட்காரவையுங்கள். அது முடியாவிட்டால் தரையில். தரையில் உட்கார்ந்தவருக்கு வலி இல்லையென்றால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து எதிரே போட்டு, அதில் முன்கையை ஊன்றி, மண்டியிட்டு, நல்ல காலை முன்னால் வைத்து எழச் செய்யலாம். தொடை இடுக்கில் வலி, ஒரு கால் குட்டையானது போலவும் பாதம் வெளிப்பக்கம் திரும்பியும் இருந்தால் தூக்கவே தூக்காதீர்கள். நிழலுக்குத் துணியைப் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள்.